படிக்காமல் வெட்டும் பெட்டி

பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்கள் வெட்டுவதில் கைதேர்ந்தவர்கள். 800 சொற்களில் வந்து சேரும் செய்தியை 400 சொற்களுக்குள் அடக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு விளம்பரம் ஒன்று வந்தால் அந்த 400 சொற்களும் 250 ஆகிவிடும். உதவி ஆசிரியர் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்வதில்லை. கடைசிப் பந்தியிலிருந்து மேல்நோக்கி வெட்டிக்கொண்டு வருவார். முக்கியமான விடயங்கள் முதற் பந்தியிலேயே இருக்க வேண்டும் என்று புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதன் பயன் அப்போது தெரியும். எத்தனை அவசரமாயினும் அவர் வாசித்துவிட்டே வெட்டுகிறார் என்பதுதான் இதிலுள்ள நம்பிக்கை.

இணையப் பக்கங்களிலும் வெட்டு நடக்கிறது. அங்கே வெட்டுவது பெட்டி. அகலமும் உயரமும் விதிக்கப்பட்ட ஒரு பெட்டிக்குள் எழுத்துகள் அடங்காதபோது, 'ஓவர்புளோ: ஹிடின்' என்று ஒரு வரி எழுதினாற் போதும், வெளியே நீட்டிக்கொண்டிருந்தவை கண்ணுக்கு மறைந்துவிடும். பக்கம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும். மறைந்தது ஓர் எழுத்தின் புள்ளியா, ஒரு சாவீட்டின் நேரமா என்பதைப் பெட்டி அறியாது. தமிழ்ப் பக்கங்களை வடிவமைப்போர் படும் தொல்லைகளில் எத்தனையோ, இறுதியில் இந்த ஒரு வரியில் வந்து 'தீர்ந்து' போவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். நுட்பவியலாளரின் சின்ன விடயம் என்று ஆசிரிய பீடங்கள் இதை ஒதுக்கிவிடுகின்றன. எனக்கோ இது ஒப்புநோக்கலைப் போலவே ஆசிரியரின் பொறுப்பாகத் தோன்றுகின்றது.

அச்சுப் பக்கத்துக்கும் திரைப் பக்கத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை முதலில் சொல்லிவிட வேண்டும். அச்சில் தாளின் அளவு முன்கூட்டியே தெரியும். எட்டுப் பத்தியா, ஆறு பத்தியா (நாங்கள் 'கொலம்' என்போம்), ஒவ்வொன்றும் எத்தனை சென்ரிமீற்றர் என்பதெல்லாம் தீர்மானிக்கப்பட்டவை. தாள் மாறினாற்கூட அது எங்கள் கண்முன்னே மாறும். 1990களின் முற்பாதியில் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், அச்சுத்தாள் கிடைக்காமையால் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் பாடசாலைக் கொப்பிகளுக்குரிய கோடிட்ட தாள்களில் அச்சாகி வந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சிறிய தாளுக்குள் எது போக வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதை மனிதர்கள் இருந்து தீர்மானித்தார்கள்.

திரையில் அந்த வசதி இல்லை. ஒரே பக்கத்தைக் கொழும்பில் ஒருவர் அலுவலகக் கணினியின் அகன்ற திரையிலும், பரிசில் இன்னொருவர் புகைவண்டியில் நின்றபடி கைத்தொலைபேசியிலும், எழுபது வயது கடந்த ஒருவர் எழுத்தை இருமடங்காகப் பெருப்பித்தும் வாசிக்கிறார்கள். தாளின் அளவை வாசகரே கொண்டு வருகிறார். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜோன் ஓல்சொப் என்பவர் எழுதிய கட்டுரையொன்று இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகின்றது. அச்சுப் பக்கத்தின் மீது நாம் செலுத்திய ஆதிக்கத்தை இணையத்தில் எதிர்பார்ப்பது தவறு, நெகிழ்ந்து கொடுப்பதே இந்த ஊடகத்தின் இயல்பு என்பது அதன் சாரம். பத்து ஆண்டுகள் கழித்து, 2010 மே மாதத்தில், ஈதன் மார்கொட் அதே இயல்பை ஒரு செய்முறையாக வகுத்துக் கொடுத்தார். திரையின் அகலத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் பக்கம் என்பது அதற்குப் பின்னரே பொதுவழக்காயிற்று.

ஆனால், அதற்கு முந்திய காலத்தின் பழக்கங்கள் இன்னமும் நம்மை விட்டுப் போகவில்லை. பக்கத்தின் தோற்றத்தை விவரிப்பதற்கான சிஎஸ்எஸ் மொழியை ஹோகோன் வியூம் லீ 1994 ஒக்ரோபரில் முன்மொழிந்தார். அதன் முதற் பதிப்பு 1996 டிசம்பரில் நியமமாயிற்று. எனினும் உலாவிகள் அதை ஒரேவிதமாக விளங்கிக்கொள்ளவில்லை. ஒரு பெட்டிக்கு 200 பிக்சல் அகலம், இருபுறமும் 20 பிக்சல் உள் இடைவெளி, 5 பிக்சல் கரை என்று எழுதினால், நியமத்தின்படி அது திரையில் 250 பிக்சல் இடத்தைப் பிடிக்கும். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 அதே பெட்டியை 200 பிக்சலுக்குள் அடக்கிக் காட்டும். 750 பிக்சல் பக்கத்தில் 550, 200 என்று இரண்டு பத்திகளை அருகருகே மிதக்க விட்டவர், உள் இடைவெளியாகப் பத்துப் பிக்சலைச் சேர்த்த மாத்திரத்தில் ஓர் உலாவியில் இரண்டாம் பத்தி முதலாவதன் கீழே போய் விழும். பத்திரிகையில் ஆறாம் பத்தி கழன்று தரையில் விழுந்தாற்போன்ற காட்சி அது. உள் இடைவெளியையும் கரையையும் அகலத்துக்குள்ளேயே கணக்கிடச் சொல்லும் 'பொக்ஸ்-சைசிங்: போடர்-பொக்ஸ்' என்ற வரியை இன்று ஏறக்குறைய எல்லோரும் நிரலின் தலையிலேயே எழுதிவிடுகிறார்கள். எக்ஸ்புளோரர் அன்று பிழையாகச் செய்த கணக்கே மனித மனத்துக்கு இசைவானதாக இருந்தது என்பது ஒரு வேடிக்கை.

2001இல் வெளியான எக்ஸ்புளோரர் 6 இன்னொரு வில்லங்கத்தைக் கொண்டிருந்தது. பெட்டிக்குள் அடங்காத நீண்ட சொல் ஒன்று வந்தால் அது பெட்டியையே அகலமாக்கிவிடும். அகன்ற பெட்டி பக்கத்துப் பத்தியைத் தள்ளும். பக்கத்துப் பத்தி கீழே விழும். ஆங்கிலத்தில் இது எப்போதாவது நீண்ட இணைய முகவரியொன்றைப் போட்டால் நேர்வது. தமிழிலோ அன்றாடம் நேர்ந்தது. சொற்களை ஒட்டி ஒட்டி எழுதும் மொழி நம்முடையது. 'ஏற்றுக்கொள்ளவேண்டியிருக்கின்றது' என்பது நமக்குச் சாதாரணமான ஒரு சொல். அதில் 17 எழுத்துகள் உள்ளன. இப்படி ஒரு சொல் ஒடுங்கிய பத்தியில் வந்து பக்கத்தைக் குலைத்தபோது வடிவமைப்பாளர்கள் கண்டுபிடித்த உடனடி மருந்துதான் 'ஓவர்புளோ: ஹிடின்'. மிதக்கும் பத்திகளை அவற்றின் தாய்ப் பெட்டி முழுவதுமாக அணைத்து நிற்கச் செய்வதற்கும் அதே வரி பயன்பட்டது. ஆகவே ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று அது எங்கும் பரவிற்று.

எக்ஸ்புளோரருக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2022 ஜூன் 15 அன்று முடித்துக்கொண்டது. அதற்கு முன்பே, 2017 மார்ச்சில், பத்திரிகைப் பக்கத்தைப் போலக் கட்டங் கட்டமாகப் பக்கத்தைப் பிரிக்கும் 'கிரிட்' முறை முக்கிய உலாவிகளில் வந்து சேர்ந்துவிட்டது. பத்திகளை மிதக்கவிடும் தேவை இல்லை. பத்திகள் விழுவதும் இல்லை. நோய் போய்விட்டது. மருந்தை மட்டும் இன்னும் உட்கொண்டு வருகிறோம்.

இதன் விளைவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். கனடாவில் இயங்கும் ஓர் ஊர்ச் சங்கத்தின் இணையத்தளத்தைச் சங்க உறுப்பினர் ஒருவரின் மகன் வடிவமைத்திருந்தார். கணினி படித்த பிள்ளை. வேலையை ஊதியம் வாங்காமல் செய்தவர். தளத்தில் புலமைப்பரிசில் அறிவித்தல், கோயிற் திருவிழா விபரம், ஊர்ப் பாடசாலைச் செய்தி என எல்லாம் இருந்தாலும், அதிகமாக வாசிக்கப்பட்டவை மரண அறிவித்தல்களே. பார்வைக்கு வைத்தல், கிரியை, தகனம் ஆகியவற்றின் விபரங்கள் ஐந்து பத்தி அட்டவணையாக இடப்பட்டிருந்தன: நிகழ்வு, திகதி, இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம். ஆங்கில மாதிரிச் சொற்களை இட்டுப் பார்த்தபோது அட்டவணை கைத்தொலைபேசியில் அடங்கிற்று. தமிழ் ஏறியதும் வலப்புறம் நீண்டது. பக்கம் இடம் வலமாக ஆடுவது அழகில்லை என்று, பக்கம் முழுவதையும் சுற்றியிருந்த பெட்டிக்கு அந்த ஒரு வரி எழுதப்பட்டது. ஆட்டம் நின்றது. கடைசி இரண்டு பத்திகளும் விளிம்புக்கு அப்பால் நின்றுவிட்டன. விரலால் இழுத்துப் பார்க்கவும் வழியில்லை.

முதிய பெண்மணி ஒருவர் அந்த அறிவித்தலைத் தமது தொலைபேசியில் வாசித்தார். திகதி தெரிந்தது. மண்டபத்தின் பெயர் தெரிந்தது. நேரம் என்று ஒன்று அங்கே இருந்ததற்கான அடையாளமே இல்லை. வழக்கமான நேரமாக இருக்கும் என்று எண்ணி, ஒருவரிடம் கெஞ்சி வாகனம் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது தகனம் முடிந்திருந்தது. இறந்தவர் அவருடைய பள்ளித் தோழி.

இதை அந்தப் பிள்ளையிடம் எடுத்துச் சொன்னபோது, "அங்கிள், என்ர போனில வடிவாத்தானே கிடக்கு?" என்றார். அவர் சொன்னது உண்மை. அவருடைய தொலைபேசி பெரியது. எழுத்தின் அளவு சிறியது. "தம்பி, உம்முடைய போனை அந்த அம்மாவின்ர போன் மாதிரி எழுத்தைப் பெருப்பிச்சுப் பாரும்" என்றேன். பார்த்தார். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவே அட்டவணையை எடுத்துவிட்டு, பத்திரிகையில் நாம் போடுவது போல ஒவ்வொரு நிகழ்வையும் தனிப் பந்தியாக, நிகழ்வின் பெயர், அதன் கீழே திகதியும் நேரமும், அதன் கீழே இடம் என்று அமைத்து அனுப்பினார். எந்தத் திரையிலும் அது ஒடுங்கும். எதுவும் வெளியே போகாது. அட்டவணை இருந்தேயாக வேண்டிய இடங்களில் அட்டவணையை மட்டும் ஒரு பெட்டிக்குள் வைத்து, 'ஓவர்புளோ-எக்ஸ்: ஓட்டோ' என்று எழுதி, அதை மட்டும் இழுத்துப் பார்க்கும்படி விடலாம். மறைப்பதற்கும் இழுக்க விடுவதற்கும் இடையே ஒரு சொல்தான் வித்தியாசம்.

அந்தத் தளத்தை அவரும் நானுமாகச் செப்பனிட்டபோது கண்ட வேறு சில விடயங்களையும் இங்கே பதிவு செய்வது, இதே வேலையில் ஈடுபட்டிருக்கும் பிள்ளைகளுக்கு உதவக்கூடும்.

முதலாவது, வரிகளின் உயரம். ஆங்கிலத் தலைப்புகளுக்கு 'லைன்-ஹைட்' 1.1 அல்லது 1.2 என்று வைப்பது வழக்கம். தமிழில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகர ஊகாரக் கால்களும் வருகின்றன. நெருக்கமான வரிகளில் மேல்வரியின் கால் கீழ்வரியின் புள்ளியோடு மோதும். தலைப்பை இரண்டு வரிக்குள் அடக்குவதற்காக மிகுதியை மறைக்கும் பெட்டியாக அது இருந்துவிட்டால், முதல் வரியின் புள்ளிகள் அரியுண்டு போகும். 'பல்' என்பது 'பல' ஆகும். 'கல்' என்பது 'கல' ஆகும். ஒப்புநோக்காளர் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த புள்ளியை ஒரு பெட்டி தின்றுவிட்டுப் போகிறது. தலைப்புக்கு 1.4, உடற்பகுதிக்கு 1.7 அளவில் வைத்தால் இத்தொல்லை நீங்குவதை அனுபவத்திற் கண்டோம். பொத்தான்களுக்கு இத்தனை பிக்சல் உயரம் என்று விதிப்பதைக் கைவிட்டு, மேலும் கீழும் உள் இடைவெளி கொடுத்தால் எழுத்து தன் உயரத்தைத் தானே தீர்மானித்துக்கொள்ளும்.

இரண்டாவது, நீண்ட சொற்கள். இன்று அருகருகே பெட்டிகளை அடுக்குவதற்குப் பயன்படும் 'பிளெக்ஸ்' முறையில் ஒரு சூட்சுமம் உண்டு. பெட்டி ஒடுங்கும், ஆனால் தன்னுள் இருக்கும் மிக நீண்ட சொல்லைவிட ஒடுங்க மறுக்கும். 17 எழுத்துச் சொல் உள்ளே இருந்தால் பெட்டி அங்கேயே நின்று பக்கத்தைத் தள்ளும். ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவருக்கு இது தென்படுவதே அரிது. 'மின்-விட்த்: 0' என்று எழுதினால் பெட்டி பிடிவாதத்தை விடும். கூடவே 'ஓவர்புளோ-ராப்: எனிவெயார்' என்று எழுதினால் சொல் அவசியமான இடத்தில் முறிந்து அடுத்த வரிக்குப் போகும். ஆனால், வரியின் தொடக்கத்தில் மெய்யெழுத்து வரலாகாது என்று அச்சுக் கூடத்தில் நாங்கள் படித்த விதியை உலாவி அறியாது. 'கொ' என்று ஒரு வரியும் 'ள்ள' என்று அடுத்த வரியும் வந்து நிற்கும். தலைப்புகளிலாவது, முறியத்தக்க இடத்தைக் காட்டும் 'டபிள்யூபிஆர்' குறியைச் சொற்புணர்ச்சியில் நாமே இட்டுவிடலாம். தேடுதலுக்கு அது இடைஞ்சல் செய்யாது. இதைவிட நல்ல வழியொன்று உதவி ஆசிரியரிடம் உண்டு: 'ஏற்க வேண்டும்' என்று தலைப்பை மாற்றி எழுதுவது.

மூன்றாவது, இரவல் அலங்காரங்கள். ஆங்கிலப் பட்டியல்களில் எழுத்துகளைப் பேரெழுத்தாக்கி இடையே சற்று இடம் விடுவார்கள். அதே நிரலைத் தமிழுக்கு எடுத்தால், தமிழில் பேரெழுத்து இல்லாமையால் அந்தக் கட்டளை சும்மா இருக்கும். இடைவெளி மட்டும் நடைமுறைக்கு வந்து 'மு க ப் பு' என்று சொல் சிதறும். சாய்வெழுத்தும் அவ்வாறே. பல தமிழ் எழுத்துருக்களுக்குச் சாய்ந்த வடிவம் கிடையாது. உலாவி நேரான எழுத்தையே பிடித்துச் சரித்துவிடும். இருபுறமும் சமன்செய்யும் முறை பத்திரிகைப் பத்திக்கு அழகு தருவது உண்மை. அங்கே சொல்லை முறித்து இடைவெளியைச் சீர்செய்ய முடிந்தது. ஒடுங்கிய திரையில் நீண்ட தமிழ்ச் சொற்களைச் சமன்செய்தால் வரிக்கு இரண்டு சொல், நடுவே ஓர் ஆறு. இடப்புறம் மட்டும் ஒழுங்காக விடுவதே வாசிப்புக்கு உகந்தது. வரியின் நீளத்தை '65 சிஎச்' என்று அளப்பவர்கள், அந்த அலகு பூச்சியம் என்ற இலக்கத்தின் அகலத்தை வைத்துக் கணக்கிடப்படுவது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். நமது எழுத்துகளிற் பல அதைவிட அகன்றவை.

தோற்றத்தைக் காப்பாற்றச் சொற்களைப் பலி கொடுக்கும் இப்பழக்கம் நமக்குப் புதியதும் அன்று. 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் பாமினி போன்ற எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றி, நமது தளங்கள் பல இயங்கின. எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துகளின் குப்பைக் குவியலாகத் தெரியும். 1997இல் வெளிவந்த எக்ஸ்புளோரர் 4 எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்ப வழி செய்தது. நெட்ஸ்கேப் வேறொரு வழியைக் கைக்கொண்டது. ஒன்று மற்றதற்குப் பொருந்தவில்லை. சலித்துப்போனவர்கள் தலைப்புகளைப் படமாக்கிப் போட்டார்கள். தோற்றம் சீராக இருந்தது. ஆனால் படத்தினுள் இருக்கும் தலைப்பைத் தேடுபொறி வாசிக்காது. பார்வையற்றோருக்கான திரைவாசிப்பானும் வாசிக்காது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் மூலம், பல பத்தாண்டுகளுக்கு முன் அச்சான ஈழத்து இதழொன்றை இன்று நாம் விரித்து வாசிக்க முடிகின்றது. அதற்குப் பின்னர் வந்த இணையச் செய்திகள் எத்தனையோ, சேமிக்கப்பட்டிருந்தாலுங்கூட, குப்பைக் குவியலாகவே கிடக்கின்றன. யுனிகோட் பரவியதனால் எழுத்துச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. பெட்டிச் சிக்கல் தீரவில்லை.

ஆகவே தமிழ்ப் பக்கம் அமைக்கும் எவருக்கும் நான் சொல்வது எளிய ஒரு பரிசோதனையைத்தான். லத்தீன் நிரப்புச் சொற்களை இட்டுப் பார்க்க வேண்டாம். உங்கள் தளத்தில் உண்மையில் வரப்போகும் மிக நீண்ட தலைப்பையும், மிக நீண்ட ஊர்ப் பெயரையும், ஒரு முழு மரண அறிவித்தலையும் இட்டுப் பாருங்கள். திரையை 320 பிக்சலுக்கு ஒடுக்குங்கள். பிறகு சாதாரணத் திரையில் எழுத்தை 200 வீதமாகப் பெருப்பியுங்கள். அணுகல்தன்மைக்கான அனைத்துலக வழிகாட்டல்களும் இவ்விரு அளவுகளையே கேட்கின்றன. படங்களுக்கு அகலத்தையும் உயரத்தையும் எழுதி வையுங்கள்; வாசித்துக்கொண்டிருக்கும் வரி திடீரென்று கீழே ஓடாது. பக்கத்தின் தலையில் மொழி தமிழ் என்று குறித்து வையுங்கள். திரைவாசிப்பான் எந்தக் குரலில் வாசிப்பது என்பதை அறிந்துகொள்ளும். இவை முடிந்த பின்னர் நிரலில் 'ஹிடின்' என்ற சொல்லைத் தேடுங்கள். அது வரும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, இங்கே எது மறைக்கப்படுகின்றது என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத இடத்தில் அதை நீக்குங்கள்.

நீக்கினால் பக்கம் சற்று அலங்கோலமாகலாம். ஒரு சொல் கரையைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கலாம். நிற்கட்டும். நீட்டிக்கொண்டு நிற்பது யாராவது ஒருவரின் கண்ணிற் பட்டு என்றோ ஒருநாள் திருத்தப்படும். மறைக்கப்பட்டதைப் பற்றி முறையிட எவரும் வரமாட்டார்கள். அப்படி ஒன்று அங்கே இருந்தது வாசகருக்குத் தெரியாது. பத்திரிகையில் வெட்டிய பந்திக்கு வெட்டிய உதவி ஆசிரியர் பதில் சொல்வார். திரையில் வெட்டுண்ட வரிக்கும் பதில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். அவர் நிரல் எழுதுபவராகவும் இருக்கலாம், ஆசிரியராகவும் இருக்கலாம். வாசித்துவிட்டு வெட்டுபவராக இருந்தாற் போதும்.